பல்வலியை மறைத்த மூதாட்டி

படுக்கையிலேயே கழியும் நீண்ட பிற்பகல்களில் பார்க்க ஏற்ற தொடர் எது என்று எங்களிடம் கேட்போர் உண்டு. 2021இல் தென்கொரியாவில் ஒளிபரப்பான ‘ஹோம்டவுன் சா-சா-சா’வை நாங்கள் பரிந்துரைப்போம். மொத்தம் 16 பகுதிகள். ஒவ்வொன்றும் ஒரு மணி நேரத்துக்கு மேல். சியோலில் வேலையை விட்ட பல் மருத்துவர் ஹை-ஜின், கோங்ஜின் என்னும் கடலோரச் சிற்றூரில் பல் மருத்துவமனை திறக்கிறார். அவ்வூரில் எல்லா வேலைகளையும் செய்துவரும் து-சிக்குடன் முதலில் பிணக்கு, பிறகு காதல். இத்தகைய கதைகளின் வழக்கமான பாதைதான்.

எங்கள் மனத்தில் நின்றவரோ காம்-ரி என்னும் மூதாட்டி. 1937இல் பிறந்த கிம் யங்-ஓக் அவ்வேடத்தை ஏற்றிருக்கிறார். பல்வலியால் விருப்பமான கணவாயை மெல்ல இயலவில்லை. ஆயினும் செயற்கைப் பல் பொருத்த ஆகும் செலவுக்கு அஞ்சி, பிடுங்கிவிட்டால் போதும் என்கிறார். ஹை-ஜின் சினம் கொள்கிறார். சிறுவயதிலேயே தாயை இழந்தவர் அவர் என்று அறியும்போது அச்சினத்தின் பொருள் விளங்குகிறது. மருத்துவரிடம் வலியில்லை என்று சொல்லிவிட்டு, அவர் நகர்ந்தபின் முகம் சுளிக்கும் முதியோரை எங்கள் வார்டுகளிலும் காண்கிறோம். அக்காட்சியை அவர்களுடன் சேர்ந்து பாருங்கள். கேட்கத் தயங்கிய கேள்வியைக் கேட்க அதுவே வழிவிடக்கூடும்.

ஒன்றை முன்கூட்டியே சொல்லிவிடுகிறோம். நகைச்சுவைத் தொடரே ஆயினும், முடிவை நெருங்கும்போது ஒரு மரணம் வருகிறது. கடும் நோயுற்றவர்களும் அண்மையில் உறவை இழந்தவர்களும் கடைசி இரு பகுதிகளைத் தனியே பார்க்க வேண்டாம். வீடு திரும்பிய பின் துணையோடு பார்க்கலாம்.