விளைவே ஆசான்

மனத்துக்குள் நிகழ்வதை எவரும் நேரில் காண இயலாது என்பதால், புறத்தே தெரியும் நடத்தையை மட்டுமே உளவியல் ஆராய வேண்டும் என்று அமெரிக்க அறிஞர் ஜான் வாட்சன் 1913இல் வாதிட்டார். நடத்தைக் கொள்கை எனப்படும் இந்த அணுகுமுறையின்படி, அனுபவத்தால் நடத்தையில் ஏற்பட்டு நிலைக்கும் மாற்றமே கற்றல்.

இதற்கான அடித்தளம் முன்பே இடப்பட்டிருந்தது. எட்வர்ட் தார்ண்டைக் பசித்த பூனையைப் பெட்டியில் அடைத்து, உணவை வெளியே வைத்து நடத்திய ஆய்வு 1898இல் வெளியானது. பிராண்டியும் கடித்தும் பார்த்த பூனை தற்செயலாகக் கயிற்று வளையத்தை இழுத்ததும் கதவு திறந்தது. மறுபடியும் மறுபடியும் அடைக்கப்பட்டபோது வீண் அசைவுகள் குறைந்து, அது வெளியேற எடுத்துக்கொண்ட நேரமும் படிப்படியாகச் சுருங்கியது. நேரம் திடீரெனக் குறையாததால், பூனை வழியை யோசித்துக் கண்டுபிடிக்கவில்லை என்றும், நல்ல விளைவே அச்செயலை மெல்ல வலுப்படுத்தியது என்றும் தார்ண்டைக் முடிவுசெய்தார். இதுவே ‘விளைவு விதி’.

ரஷ்யாவில் பாவ்லவ் ஆராய்ந்த நாய்க்கு, உணவோடு சேர்ந்து வந்த ஒலியைக் கேட்டாலே எச்சில் ஊறியது. அங்கே தூண்டல் முந்த, துலங்கல் தானாகப் பின்தொடர்ந்தது. பி. எஃப். ஸ்கின்னரோ, உயிரி தானே செய்யும் செயலையும் அதன் பின்விளைவையும் கவனித்தார். ஒரு செயல் மீண்டும் நிகழும் வாய்ப்பைப் பெருக்கும் விளைவுக்கு ‘வலுவூட்டல்’ என்று பெயர். நெம்புகோலை அழுத்திய எலிக்கு ஒவ்வொரு முறையும் உணவு தந்து பின்னர் நிறுத்தினால், அழுத்தும் பழக்கம் விரைவில் மறைகிறது. எப்போதாவது மட்டும் தந்திருந்தாலோ நெடுநேரம் நீடிக்கிறது. அடம்பிடிக்கும் குழந்தைக்குப் பலமுறை மறுத்துவிட்டு ஒருமுறை மிட்டாய் தரும் பெற்றோர், அடத்தை இவ்வாறே வேரூன்றச் செய்கின்றனர்.

ஆனால் வலுவூட்டல் இல்லாமலும் கற்றல் நிகழ்கிறது என்பதை டோல்மனும் ஹான்சிக்கும் 1930இல் காட்டினர். முதல் 10 நாள்கள் உணவின்றிச் சிக்கல்வழியில் திரிந்த எலிகள், 11ஆம் நாள் உணவு கிடைத்ததும், மறுநாளே தவறுகளை வெகுவாகக் குறைத்துக்கொண்டு, தொடக்கம் முதல் உணவு பெற்ற எலிகளை எட்டிப்பிடித்தன. வழியை அவை முன்பே அறிந்திருந்தன. அந்த அறிவை வெளிக்காட்டக் காரணம் மட்டுமே இல்லாதிருந்தது.

ஆகவே, நடத்தையை மாற்ற விளைவுகளைச் சீராக அமைப்பது பயனுள்ள வழியே என்றாலும், வகுப்பில் கைதூக்காத மாணவர் கற்கவேயில்லை என்று முடிவுகட்டிவிட இந்த எலி ஆய்வு இடம் தருவதில்லை.