பந்தயம் விட்டு நேரம் பார்க்கும் சில்லு

மேச்சேரியிலிருந்து ஒரு பொறியியல் மாணவி எழுதியிருக்கிறார்: “துகள் மேலிருந்து வந்ததா, கீழிருந்து வந்ததா என்று நேரத்தை வைத்தே சொல்லிவிடுவார்களாமே, அது என்ன கடிகாரம்?” நியூட்ரினோவைப் பற்றிக் கேட்பவர்கள் நிறைய. கடிகாரத்தைக் கேட்டு எழுதியவர் இவர்தான்.

நியூட்ரினோக்களை ஆராயத் தேனி மாவட்டம் பொட்டிபுரத்தில் அமைக்கத் திட்டமிட்ட ஐகேல் என்ற கருவியில் 5.6 செ.மீ. தடிமனில் இரும்புத் தகடுகள், அவற்றுக்கு நடுவே 4 செ.மீ. சந்துகளில் உணர்கருவிகள். நியூட்ரினோ மோதிக் கிளப்பும் மியூவான் என்ற துகள் கிட்டத்தட்ட ஒளி வேகத்தில் ஓடும். ஓர் அடுக்கிலிருந்து அடுத்ததற்குப் போக நானோ நொடியில் மூன்றில் ஒரு பங்கு போதும். எந்த அடுக்கு முந்தியது என்று தெரிந்தால்தான், அந்த நியூட்ரினோ வானத்திலிருந்து இறங்கியதா, பூமியைத் துளைத்து ஏறியதா என்று சொல்ல முடியும்.

இவ்வளவு நுணுக்கமான நேரத்தைக் கடிகாரத் துடிப்புகளை நேரடியாக எண்ணி அளப்பதென்றால் நொடிக்குப் பல நூறு கோடி துடிப்பு வேண்டும். அளக்கும் சில்லு மின்சாரத்தைக் குடித்துச் சூடேறிவிடும். எனக்கு மிகவும் பிடித்த தந்திரம் இங்கேதான் வருகிறது.

சின்ன வயதில் நானும் அண்ணனும் பள்ளி மைதானத்தைச் சைக்கிளில் சுற்றுவோம். அவருக்கு ஒரு சுற்றுக்கு 20 நொடி, எனக்கு 18 என்று வையுங்கள். அவர் முதலில் கிளம்புகிறார், நான் பிறகு. ஏழாவது சுற்று முடியும்போது அவரைப் பிடித்துவிட்டேன் என்றால், அவர் 14 நொடி முன்னால் கிளம்பியிருக்கிறார். சுற்று மெதுவானதுதான், ஆனால் அளவு இரண்டு நொடிக்குத் துல்லியம். சில்லுக்குள்ளும் இதே கதை. முதல் சமிக்ஞை மெதுவான அலையியற்றியை (ஆசிலேட்டரை) கிளப்பும், இரண்டாவது சற்று வேகமானதை. இரண்டும் சேரும்வரை சுற்றுகளை எண்ணினால் போதும். பாபா அணு ஆராய்ச்சி மையத்தினர் 2014இல் விவரித்த நான்கு சேனல் சில்லு இப்படித்தான் 127 பிக்கோ நொடி வரை பிரித்துக் காட்டியது. அதற்குள் ஒளி ஓடுவது நாலு செ.மீ. கூட இல்லை.

ஒரு சிக்கல்: சூடு ஏறினாலும் மின்னழுத்தம் அசைந்தாலும் சுற்றின் வேகம் மாறும். அதனால் தன்னைத் தானே சரிபார்த்துக்கொள்ளும் ஏற்பாட்டையும் சில்லுக்குள்ளேயே வைத்தார்கள்.

பொட்டிபுரம் திட்டத்துக்கு அனுமதி தர முடியாது என்று 2022இல் தமிழக அரசு உச்ச நீதிமன்றத்தில் சொல்லிவிட்டது. மதுரையில் ஐகேலின் 85 டன் மாதிரிக் கருவி இருக்கிறது. பொட்டிபுரம் வழக்கு எப்படியும் போகட்டும்; இந்தச் சில்லுக் கைவேலை அதோடு சேர்ந்து முடங்க வேண்டியதில்லை. நம் கல்லூரிகளில் வி.எல்.எஸ்.ஐ. என்ற சில்லு வடிவமைப்பு புராஜெக்ட் பெரும்பாலும் கம்ப்யூட்டர் சிமுலேஷனோடு நின்றுவிடுகிறது. திரையில் சில்லுக்கு வியர்ப்பதே இல்லை. சிமுலேஷன் தருகிற மதிப்பெண்ணை நம்பி நாமும் திருப்தியாகிவிடுகிறோம்.

மேச்சேரி மாணவிக்கு என் பதில் இதுதான்: இரண்டு அலையியற்றிகளை ஓர் எஃப்.பி.ஜி.ஏ. போர்டில் ஏற்றுங்கள். ஒருமுறை ஃபேனுக்கு அடியிலும் ஒருமுறை சித்திரை மதியத்திலும் அளந்து, இரண்டு விடைகளும் ஏன் வேறு என்று உங்கள் அறிக்கையில் எழுதுங்கள்.