பிள்ளை மடுவத்து ஆயாவையும் கேளுங்கள்

ஊவா மலைகளில் பொழுது புலர்வதற்கும் கொழுந்துக்கூடை முதுகில் ஏறுவதற்கும் அதிக இடைவெளி கிடையாது. பசறையிலும் மடுல்சீமையிலும் அப்புத்தளையிலும் தோட்டத்துத் தாய் குழந்தையைப் பிள்ளை மடுவத்தில் விட்டுவிட்டே மலைக்கு ஏறுகிறாள். பகல் முழுவதும் அக்குழந்தை ஆயாவின் பார்வையில் வளர்கின்றது. பெயர் சொல்லி அழைத்தாலும் திரும்பாத பிள்ளையை, விரல் நீட்டி எதையும் காட்டாத பிள்ளையை, மற்றவை ஓடி விளையாடுகையில் ஒரு போத்தல் மூடியையே சுழற்றிக்கொண்டிருக்கும் பிள்ளையை முதலில் காணக்கூடியவர் அவரே. ஆனால் அவரைக் கேட்பவர் யார்?

ஓட்டிசம் எனப்படும் இந்நிலையை, 1943இல் அமெரிக்காவில் லியோ கானர் என்னும் மருத்துவர் 11 பிள்ளைகளைக் கண்டு விரிவாக எழுதினார். இது பேய்க்கோளாறுமன்று, தாயின் குற்றமுமன்று. மூளை வளர்ச்சியிலே தோன்றும் ஒரு வேறுபாடு.

நம் நாட்டில் பேராசிரியர் ஹேமமாலி பெரேரா குழுவினர் 18 முதல் 24 மாதம் வரையான 374 பிள்ளைகளைப் பரிசோதித்து, 93 பேருக்கு ஒருவர் என்ற கணக்கை 2009இல் வெளியிட்டனர். அந்த எண்ணிலும் மேலாக எம் கருத்தைக் கவர்ந்தது வேறொன்று. மேல்நாட்டு வினாப்பட்டியலைத் தழுவித் தாய்மாரிடம் கேட்டபோது, ஓட்டிசமுள்ள பிள்ளைகளில் நாலில் ஒருவரையே அது காட்டிற்று! தாய்மார் எதையும் மறைத்தார்கள் என்று நாம் எண்ணவில்லை. கேட்ட முறைதான் அவர்கள் மனத்தை எட்டவில்லை போலும். இக்குறையை ஒளியாது எழுதிவைத்தமை பாராட்டத்தக்கது. பின்னர் அப்பேராசிரியரும் துணைவரும் சொற்களுக்குப் பதிலாகப் படங்களைக் காட்டிக் கேட்கும் முறையொன்றை வகுத்து 2017இல் வெளியிட்டனர். அது ஓட்டிசமுள்ள பிள்ளைகளில் பெரும்பாலாரை இனங்கண்டது.

கண்டறிந்தபின் செய்வதென்ன? கோவாவிலும் ராவல்பிண்டியிலும் நடந்து 2016இல் வெளிவந்த ஆய்வொன்றில், நிபுணரல்லாத சுகாதார ஊழியரே பயிற்சி பெற்றுப் பெற்றோருக்கு வழிகாட்டினர். தாயும் பிள்ளையும் விளையாடுவதைப் படம்பிடித்து, அதைத் தாயுடன் இருந்து பார்த்து, பிள்ளையின் குறிப்பறிந்து பதில் கொடுக்கக் கற்பித்தனர். பிள்ளைகள் தாமாகவே பெற்றோரை நாடித் தொடர்புகொள்வது கூடிற்று.

இம்முறை எமது தோட்டங்களுக்குப் பொருந்தாதா? பதுளை ஆஸ்பத்திரிக்கு ஒரு தடவை போய்வந்தால் தோட்டத்துத் தாய்க்கு அன்றைய ‘பேர்’ போய்விடும். மாதம் பல தடவை போவதெங்ஙனம்? பயிற்சி லயத்து வாசலுக்கே வரவேண்டும். ஆய்வாளர் ஊவாவுக்கு வருவாராயின், வினாக்களை எழுதுமுன் ஒரு வாரமேனும் பிள்ளை மடுவத்துத் திண்ணையில் அமர்ந்து, இங்குள்ளோர் பேசும் தமிழைக் காதால் கேட்கட்டும். கொழும்பிலே மொழிபெயர்த்த தமிழ் சிலவேளைகளில் எமக்கே விளங்குவதில்லை! முடிவு கண்டபின், அதே வாசலுக்குத் திரும்பி வந்து சொல்லட்டும்.

அதுவரை பெற்றோர் வாளாவிருக்க வேண்டியதில்லை. ஐயமுண்டாயின், பிள்ளையின் வளர்ச்சிப் பதிவேட்டை எடுத்துக்கொண்டு குடும்பநல மாதுவிடம் செல்லுங்கள். போகும்போது ஆயாவையும் உடன் அழைத்துச் செல்லுங்கள்.