வகுப்பில் பத்துப் பேர் இருந்தால் ஓர் ஆசிரியர்

மே மாதம் கடைசி வாரம் வந்துவிட்டால் ஆஸ்டின் டவுனில் கால்பந்துப் பேச்சு கொஞ்சம் அடங்கிவிடும். பிள்ளையை எந்தப் பள்ளியில் சேர்ப்பது என்ற பேச்சு ஆரம்பமாகும். வண்ணார்பேட்டை டீக்கடையானாலும் சரி, நீலசந்திரா மார்க்கெட் ஆனாலும் சரி, விவேக்நகர் குழந்தை ஏசு கோயில் வாசலானாலும் சரி, தகப்பன்மார்களுக்கு அந்த ஒரு வாரம் வேறு கவலை கிடையாது. பெயிண்டருக்கும், தையற்காரருக்கும், ஆபீஸ் குமாஸ்தாவுக்கும் இதில் வித்தியாசம் இல்லை.

தமிழ்ப் பிரிவில் சேர்த்தால் நாளைக்குப் பிள்ளை இந்த ஊரில் பிழைக்குமா? கன்னடப் பிரிவில் சேர்த்தால் வீட்டில் யார் சொல்லிக் கொடுப்பது? இங்கிலீஷ் பள்ளியில் சேர்த்தால் சீட்டுப் பணமும் அம்மாவின் வளையலும் போய்விடுமே? மூன்று கேள்விகளும் ஒரே வீட்டில், ஒரே ராத்திரியில் கேட்கப்படும். காலையில் பதில் கிடைக்காமலே தகப்பனார் வேலைக்குக் கிளம்பிவிடுவார்.

ஆஸ்டின் டவுனுக்கு கிட்டல் நகர் என்று இன்னொரு பெயர் உண்டு. 1894இல் கன்னட – ஆங்கில அகராதியை வெளியிட்ட ஜெர்மானியப் பாதிரியார் ஃபெர்டினாண்ட் கிட்டலின் பெயர் அது. கன்னடத்துக்கு அகராதி செய்தவரின் பெயரை வைத்துக்கொண்டு தெருவெல்லாம் தமிழ் பேசுகிற பேட்டை இது. பேசுகிறவர்கள் தமிழும் கன்னடமும் கலந்துதான் பேசுகிறார்கள். வாக்குவாதம் முற்றினால் உருதுவும் வரும்.

கண்டோன்மென்ட் விட்ட பங்கு

தமிழ்ப் பிள்ளைகள் இங்கே எப்படி வந்தார்கள் என்று அதிகம் விளக்க வேண்டியதில்லை. 1809இல் ராணுவம் பெங்களூரில் கண்டோன்மென்ட் அமைத்தது. அதோடு கூலிக்காரர், கொத்தனார், வியாபாரி எல்லாரும் தமிழ்ச் சீமையிலிருந்து வந்தார்கள். அந்தப் பகுதி 1947 ஜூலை வரை மைசூர் அரசிடம் இல்லை. பிரிட்டிஷ் ரெசிடெண்டின் நிர்வாகத்தில் இருந்தது. 1949இல்தான் பழைய நகரமும் கண்டோன்மென்ட்டும் ஒரே கார்ப்பரேஷன் ஆயின. ஆற்காடு நாராயணசாமி முதலியார் ஏழைப் பிள்ளைகளுக்கு இலவசப் பள்ளி தொடங்கியது 1873இல். அந்தக் காலத்து வாடை இன்னும் கண்டோன்மென்ட் பக்கத்துப் பள்ளிக்கூடங்களில் இருக்கிறது.

சட்டமும் நம்மவர்களுக்குக் குறுக்கே நிற்கவில்லை. 1949 ஆகஸ்டில் மாகாணக் கல்வி மந்திரிகள் கூடி ஒரு கணக்குச் சொன்னார்கள். ஒரு வகுப்பில் பத்துப் பிள்ளைகளோ, பள்ளி முழுவதும் நாற்பது பிள்ளைகளோ வேறு தாய்மொழிக்காரர்களாக இருந்தால், அந்த மொழியில் சொல்லிக் கொடுக்க ஓர் ஆசிரியரைப் போட வேண்டும். 1956இல் அரசியல் சட்டத்தில் 350ஏ என்ற பிரிவு சேர்ந்தது. மொழிச் சிறுபான்மைப் பிள்ளைகளுக்கு ஆரம்பக் கல்வியைத் தாய்மொழியில் தர வசதி செய்யச் சொல்கிறது அது. 2010 ஏப்ரல் முதல் தேதி நடைமுறைக்கு வந்த கல்வி உரிமைச் சட்டமும், முடிந்த வரையில் தாய்மொழியில் சொல்லிக் கொடு என்கிறது. கர்நாடக எஸ்.எஸ்.எல்.சி. பரீட்சையில் தமிழை முதல் மொழியாக எடுக்கவும் வழி உண்டு.

ஆகவே தாளில் குறை இல்லை. குறை பதிவேட்டில்தான். பெங்களூரில் தமிழ்ப் பிரிவு உள்ள அரசுப் பள்ளிகளில் வருஷத்துக்கு வருஷம் பெயர்கள் குறைந்து வருகின்றன. பத்துப் பேர் எட்டுப் பேர் ஆகிறார்கள். எட்டு ஐந்தாகிறது. அப்புறம் நான்கு வகுப்புப் பிள்ளைகளையும் ஒரே அறையில் உட்கார வைத்து ஒரே ஆசிரியை சமாளிக்கிறார். ஒன்றாம் வகுப்புக்கு எழுத்துச் சொல்லிக் கொடுத்தால் நாலாம் வகுப்பு வேடிக்கை பார்க்கும். நாலாம் வகுப்புக்கு வகுத்தல் போட்டால் ஒன்றாம் வகுப்பு தூங்கும். இதைப் பார்க்கிற தகப்பனார் அடுத்த வருஷம் பிள்ளையை எடுத்துவிடுகிறார். அவர் மேல் குற்றம் சொல்ல முடியாது. தமிழ் வாழ்க என்று மேடையில் பேசிவிட்டுத் தம் பிள்ளையைக் கான்வென்ட்டுக்கு அனுப்புகிற பெரியவர்களை விட அவர் யோக்கியமானவர்.

பக்கத்து ஊரில் கிடைத்த பதில்

ஒரே ஆசிரியர், நான்கு வகுப்பு. இந்தச் சங்கடத்துக்கு வழி கண்டுபிடித்தவர்கள் பெங்களூரிலிருந்து சில மணி நேரப் பஸ் பயணத் தூரத்தில்தான் இருந்தார்கள். ஆந்திரத்து மதனப்பள்ளிக்குப் பக்கத்தில் ரிஷி வேலி பள்ளி இருக்கிறது. அதன் கிராமக் கல்வி மையத்தில் பத்மநாப ராவ், ரமா என்ற தம்பதியர், சுற்றுக் கிராமங்களில் ஓராசிரியர் பள்ளிகளை நடத்தினார்கள். பாடப்புத்தகத்தைச் சிறு சிறு அட்டைகளாகப் பிரித்தார்கள். அட்டைகளை வரிசைப்படுத்தி ஓர் ஏணி போலச் சுவரில் மாட்டினார்கள். ஒரு படி முடித்த பிள்ளை அடுத்த படிக்குப் போகலாம். முடிக்காத பிள்ளை அங்கேயே நின்று முடித்துக்கொண்டு போகலாம். எக்ஸ்பிரஸ் வண்டி போய்விட்டதே என்று பாசஞ்சர் வண்டியை யார்டில் தள்ளிவிடுகிற வழக்கம் அங்கே இல்லை. பத்து நாள் காய்ச்சலில் படுத்த பிள்ளையும், ஊர்த் திருவிழாவுக்குப் போய் வந்த பிள்ளையும் விட்ட இடத்திலிருந்து தொடரலாம்.

இதை முதலில் எடுத்துக்கொண்ட சர்க்கார் பள்ளிகளில் நம் கர்நாடகத்துப் பள்ளிகளும் உண்டு என்பது பல பேருக்குத் தெரியாது. 1995இல் மைசூர் மாவட்டம் ஹெக்கடதேவனகோட்டையில் 'நலி கலி' என்ற பெயரில் யூனிசெஃப் உதவியோடு தொடங்கினார்கள். ஆடிப் பாடி மகிழ்ந்து கற்றுக்கொள் என்று அர்த்தம் சொல்லலாம். ரிஷி வேலி அட்டைகளைப் பார்த்து வந்த ஆசிரியர்களே கன்னடத்தில் அட்டைகள் தயாரித்தார்கள். 2009இல் அது மாநிலம் முழுவதும் கீழ் வகுப்புகளுக்கு வந்தது.

தமிழில் செய்து காட்டியது சென்னை மாநகராட்சி. அந்த மாநகராட்சிக்கு இப்படிப்பட்ட காரியங்களில் பழைய பழக்கம் உண்டு. 1920இல் சர் பிட்டி தியாகராய செட்டியார் தலைவராக இருந்தபோது, ஆயிரம் விளக்குப் பள்ளியில் ஒரு பிள்ளைக்கு ஒரு நாளைக்கு ஓர் அணாவுக்கு மேற்படாமல் மதியச் சாப்பாடு போட மன்றம் ஒப்புக்கொண்டது. பாடத்தைத் திருத்துவதற்கு முன் வயிற்றைக் கவனித்தார்கள். 1956இல் காமராஜர் மாநிலம் முழுவதற்கும் கொண்டுவந்த மதிய உணவுக்கு இதை முன்னோடி என்று சொல்கிறார்கள்.

அதே மாநகராட்சியில் 2003இல் எம்.பி.விஜயகுமார் கமிஷனராக இருந்தார். அவர் வேலூரில் கலெக்டராக இருந்தபோது கொத்தடிமைச் சிறுவர்களுக்கு நடத்திய பள்ளிகளில் ரிஷி வேலி முறையைப் பார்த்தவர். கமிஷனர் என்றால் சாக்கடை, குப்பை, வரி, ரோடு என்று காலை முதல் ராத்திரி வரை வேலை. பள்ளிக்கூடம் கடைசிப் பக்கத்தில்தான் இருக்கும். அவர் அதை முதல் பக்கத்துக்கு எடுத்துப் போட்டார். மாநகராட்சி ஆசிரியர்களை ரிஷி வேலிக்கு அனுப்பி வைத்தார். திரும்பி வந்த ஆசிரியர்களையே அட்டை எழுதச் சொன்னார். முதலில் 13 பள்ளிகளில் நடத்திப் பார்த்தார்கள். அடுத்த வருஷம் 264 பள்ளிகளுக்கும் வந்தது. பெயர் செயல்வழிக் கற்றல்.

வகுப்பறையே மாறிப் போயிற்று. மேஜை நாற்காலி போய்ப் பாய் வந்தது. பிள்ளைகள் வட்டமாக உட்கார்ந்தார்கள். சுவரின் கீழ்ப் பக்கத்தில் பிள்ளையின் உயரத்துக்குக் கரும்பலகை அடித்து, ஆளுக்கு ஒரு கட்டம் ஒதுக்கினார்கள். தலைக்கு மேலே கம்பிப் பந்தல். அதில் பிள்ளைகள் வரைந்த படங்கள் தொங்கின. வருகைப் பதிவைப் பிள்ளையே போட்டுக்கொண்டது. ஒன்று முதல் நான்கு வரை எல்லா வகுப்புப் பிள்ளைகளும் கலந்து உட்கார்ந்தார்கள். ஆசிரியரின் முழு உதவி வேண்டியவர்கள் ஒரு குழு, பாதி உதவி போதும் என்பவர்கள் ஒரு குழு, சக பிள்ளையோடு சேர்ந்து படிப்பவர்கள் ஒரு குழு என்று பிரித்தார்கள். ஒன்றாம் வகுப்புப் பிள்ளைக்கு மூன்றாம் வகுப்புப் பிள்ளை எழுத்துச் சொல்லிக் கொடுத்தது. ஆஸ்டின் டவுன் வீடுகளில் அக்காள் தம்பிக்குச் சொல்லிக் கொடுப்பது போலத்தான்.

2007இல் தமிழ்நாட்டின் 37 ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஆரம்பப் பள்ளிகளுக்கு அது பரவியது. அங்கேதான் சிக்கலும் தொடங்கியது. 13 பள்ளிகளில் ஆசிரியர்கள் தாமாகப் பார்த்து, விரும்பி எடுத்துக்கொண்ட முறை, ஆயிரக்கணக்கான பள்ளிகளுக்கு உத்தரவாகப் போய்ச் சேர்ந்தது. அட்டை கிழிந்தால் மறு அட்டை வரத் தாமதம். ரிஜிஸ்டர் எழுதும் வேலை கூடிவிட்டது என்று ஆசிரியர் சங்கங்கள் குறைபட்டுக்கொண்டன. தொடங்கி வைத்த அதிகாரி வேறு நாற்காலிக்குப் போனால் காரியம் தளர்ந்து போவது நம் நாட்டு வழக்கம். தமிழ்நாட்டில் 2022இல் கொரோனாக் கால இழப்பை ஈடுகட்ட 'எண்ணும் எழுத்தும்' என்ற புதுத் திட்டம் வந்தது. முறைகள் வரும், போகும். ஆனாலும் சென்னையில் ஒரு விஷயம் கண்ணால் பார்த்து நிரூபணம் ஆயிற்று: கலப்பு வகுப்பு என்பது தண்டனை அல்ல, சரியாக நடத்தினால் பிள்ளை படிக்கும்.

இங்கே என்ன தடை?

பெங்களூரிலும் காரியம் நடக்காமல் இல்லை. 2000இல் அட்சய பாத்திரம் அமைப்பு ஐந்து பள்ளிகளில் 1,500 பிள்ளைகளுக்குச் சாப்பாடு போடத் தொடங்கியது. அடுத்த சில வருஷத்தில் சர்க்காரின் அட்சர தாசோகமும், 2013இல் பள்ளிப் பிள்ளைகளுக்குப் பாலும் வந்தன. 2019இல் ஆயிரம் அரசுப் பள்ளிகளில் இங்கிலீஷ் மீடியம் பிரிவு திறக்க அரசு முடிவு செய்தது. நம்மவர்களிலும் பல பேர் அதைக் கொண்டாடினார்கள். சாப்பாடு, பால், இங்கிலீஷ் மூன்றுக்கும் கோப்பு நகர்ந்தது. ஐந்து பிள்ளைகள் உட்கார்ந்திருக்கும் தமிழ்ப் பிரிவுக்கு மட்டும் எந்தப் புது முறையும் தேடி வருவதில்லை. அதை மூடுவதா, பக்கத்துப் பள்ளியோடு சேர்ப்பதா என்ற ஒரே கேள்விதான் வருகிறது.

ரிஷி வேலி முறை பிறந்ததே இப்படிப்பட்ட அறைக்காகத்தான். ஒரே ஆசிரியை, நான்கு வகுப்பு, கொஞ்சம் பிள்ளைகள். கன்னட அட்டை இந்த மாநிலத்திலேயே இருக்கிறது. தமிழ் அட்டை ஓசூருக்கு அந்தப் பக்கம் அச்சாகிப் பழசும் ஆகிவிட்டது. இரண்டு மாநிலங்களின் பாடத்திட்டம் வேறு என்பது உண்மை. ஆனால் அ, ஆவன்னாவுக்கும் கூட்டல் கழித்தலுக்கும் மாநில எல்லை எங்கே இருக்கிறது? 2015ஆம் வருஷத்துச் சட்டப்படி கன்னடம் எல்லாப் பள்ளியிலும் கட்டாயப் பாடம். அது நியாயமும்கூட, இந்த ஊரில் பிழைக்கிறவன் இந்த ஊர்ப் பேச்சைப் படிக்கத்தான் வேண்டும். ஒரு பிள்ளை காலையில் தமிழ் ஏணியிலும் மத்தியானம் நலி கலி ஏணியிலும் ஏறினால் இரண்டு மொழியும் கைக்கு வரும். இதற்குப் புதுக் கட்டடம் வேண்டாம். பி.இ.ஓ. ஆபீஸில் ஒருவர் இதை முதல் வேலையாக எடுத்துக்கொண்டு, தமிழ் ஆசிரியைகளை நாலு நாள் பயிற்சிக்கு அனுப்பினால் ஆரம்பிக்கலாம்.

அதிகாரிதான் செய்ய வேண்டும் என்றும் இல்லை. 2001 முதல் கர்நாடகப் பள்ளிகளுக்கு எஸ்.டி.எம்.சி. என்ற வளர்ச்சி மேற்பார்வைக் குழு உண்டு. கல்வி உரிமைச் சட்டப்படி பள்ளிக் குழுவில் முக்கால் பங்கு பெற்றோர். பாதிப் பேர் பெண்கள். அட்டை வேண்டும், பயிற்சி வேண்டும் என்று அங்கே தீர்மானம் போடலாம். ஆனால் கூட்டம் நடக்கிற நேரத்தில் ஆஸ்டின் டவுன் தாய்மார்கள் ரிச்மண்ட் டவுன் வீடுகளில் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருப்பார்கள். தகப்பன்மார்கள் சாரத்தின் மேல் நிற்பார்கள். கூட்டத்தை ஞாயிற்றுக்கிழமை வைக்கும்படி எழுதிக் கேட்கலாம். கேட்பதற்குப் பெற்றோர் நாலு பேர் கையெழுத்துப் போட்டால் போதும்.

ஜூன் முதல் வாரத்தில் பதிவேடு திறக்கும். இந்தப் பேட்டையிலிருந்து எத்தனை பெயர் அதில் ஏறுகிறது, பத்தா, ஒன்பதா என்பதைத் தலைமையாசிரியை அந்த மாதத்துக்குள் மேலே எழுதி அனுப்ப வேண்டியிருக்கும்.