வியாசருக்குத் தெரியாத பொன்னுருவி

ஆரணி, செய்யாறு, வந்தவாசிப் பக்கத்து ஊர்களில் திரௌபதி அம்மன் கோயிலில் காப்புக் கட்டிவிட்டால், பகலில் பாரதப் பிரசங்கம், இரவில் தெருக்கூத்து. பிரசங்கியார் வில்லிபாரதத்தைப் பிடித்துக்கொண்டு போவார். இருட்டியதும் அதே கதை கூத்தாடிகளின் கைக்கு வந்துவிடும். பகலெல்லாம் பட்டுத்தறி மிதித்த கால்கள் விடியவிடிய மண்தரையில் மடங்கிக் கிடக்கும்.

துகில் ஆடும் இரவு தனி. துச்சாதனன் வேஷக்காரர் சேலையைத் தொடுவதற்கு முன் கற்பூரம் ஏற்றி, திரௌபதி வேஷம் கட்டியவரைக் கும்பிட்டு மன்னிப்புக் கேட்கிறார். அந்த வேஷத்தில் இருப்பவர் பெரும்பாலும் ஆண்தான். ஆனாலும் முன்வரிசைப் பெண்கள் கைகூப்பிவிடுகிறார்கள். சிலருக்கு அருளும் வரும். ஒரு சேலைக்குப் பின்னால் எத்தனை பேருடைய உழைப்பு இருக்கிறது என்று அறிந்த கூட்டம் அது. அவர்கள் கண்ணெதிரே சேலை இழுபடும்போது உண்டாகும் பதைப்பை எந்த ஏட்டிலும் நான் படித்ததில்லை.

அப்படியானால் மூலத்தில் என்னதான் இருக்கிறது? புனேயின் பண்டார்க்கர் நிறுவனம் 1919இல் தொடங்கி 1966இல் முடித்த மகாபாரதச் செம்பதிப்பில், திரௌபதி கண்ணனைக் கூவி அழைக்கும் இடம் இடைச்செருகலாக விலக்கப்பட்டிருக்கிறது. ஆடை வந்துகொண்டே இருக்கிறது, அவ்வளவுதான். பல நூற்றாண்டுகளுக்கு முன் கதை கேட்ட யாரோ ஒருவருக்கு அவள் தனியாக நிற்பது பொறுக்கவில்லை, கண்ணனை வரவழைத்துவிட்டார். இன்று அந்தக் கூவல் இல்லாமல் இந்தக் காட்சியை நினைத்துப்பார்க்க நம்மால் முடிகிறதா? என்னால் முடியவில்லை. கதையை நேசித்தவர்கள் சேர்த்ததெல்லாம் கதையாகவே ஆகிவிட்டது.

ஆனால் இதில் இழப்பும் உண்டு. அதை மறைக்கக் கூடாது.

'கர்ண மோட்சம்' கூத்தில் போருக்குப் புறப்படும் கர்ணனை மனைவி பொன்னுருவி குலம் சொல்லி இழிவாகப் பேசுகிறாள். தேரோட்டி மகனுக்கு வாழ்க்கைப்பட்ட ஆத்திரம் அவளுக்கு. சாகப்போகிறவன் தன் பிறப்பைச் சொல்லித் தீரவேண்டியிருக்கிறது. முகவீணை இழைய, கூட்டம் அழுதுவிடும். வடமாவட்டத்துக்காரர்களுக்குக் கர்ணன் என்றால் இந்த இரவுதான். 1964இல் வந்த பந்துலுவின் 'கர்ணன்' படத்தில் மனைவி பெயர் சுபாங்கி, அரசகுமாரி. அங்கும் குலப்பேச்சு விடவில்லை.

வியாசரிடம் பொன்னுருவியும் இல்லை, சுபாங்கியும் இல்லை. உத்தியோக பருவத்தில் கண்ணன் வந்து, நீ குந்தியின் மகன், பாண்டவர் பக்கம் வா, ராஜ்யம் உனக்கே என்கிறான். கர்ணன் மறுக்கிறான். வளர்த்த தகப்பன் அதிரதன் சூத குலத்திலேயே தனக்குப் பெண் பார்த்துக் கட்டிவைத்ததையும், அந்த மனைவியரிடம் தன் மனம் ஒட்டிப்போனதையும், பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் பிறந்துவிட்டதையும் சொல்கிறான். மண்ணும் பொன்னும் கிடைத்தாலும் அந்த உறவை அறுக்கமாட்டேன் என்கிறான். குலத்தால் அவமானப்பட்டவன், அதே குலத்துக் குடும்பத்துக்காக ராஜ்யத்தை விடுகிறான்! பாரதத்தில் இதைவிடப் பெரிய இடங்கள் அதிகம் இல்லை. பொன்னுருவியின் ஏச்சு அதை நம்மிடமிருந்து மறைத்துவிட்டது.

அதற்காகப் பொன்னுருவியை நிறுத்தச் சொல்லமாட்டேன். அவள் கேட்ட கேள்விதான் என்னை உத்தியோக பருவத்தைப் புரட்ட வைத்தது. கர்ண மோட்சம் ஆடும் நாளில், பகல் பிரசங்கத்தில் பிரசங்கியார் வில்லியைச் சற்றே மூடிவைத்துவிட்டு வியாசரின் இந்த இடத்தைச் சொல்லவேண்டும் என்று ஆசைப்படுகிறேன். அன்றிரவு பொன்னுருவி ஏசும்போது, மேடையில் இல்லாத அந்தப் பெயர் தெரியாத பெண்களையும் கூட்டம் நினைத்துக்கொள்ளும்.