சம்பளம் ஏறியது, பேச்சுவார்த்தை எங்கே?

கொம்பனித்தெரு நவம் மாவத்தையில் உள்ள வர்த்தக சபைக் கட்டடத்தில்தான், 2020இல் இணையத்துக்கு மாறும்வரை, இலங்கைத் தேயிலை ஏலம் போனது. தேயிலையின் விலை கொழும்பில் முடிவானதுபோலவே, கொழுந்து பறிப்பவரின் நாட்சம்பளமும் கொழும்பில்தான் முடிவானது. தோட்டங்கள் 1992இல் கம்பெனிகளிடம் கைமாறிய பிறகு, முதலாளிமார் சம்மேளனமும் இலங்கைத் தொழிலாளர் காங்கிரஸ் (இ.தொ.கா.) முதலான சங்கங்களும் பெரும்பாலும் இரண்டு வருடத்துக்கு ஒருமுறை கூட்டு ஒப்பந்தம் செய்துவந்தன.

2016 ஒப்பந்தத்தில் நாளுக்கு 730 ரூபாய் என்றார்கள். அதில் அடிப்படைச் சம்பளம் 500தான். மீதி, வரவு, உற்பத்தி முதலானவற்றுக்கான கொடுப்பனவுகள். அவற்றுக்கு சேமலாப நிதி கிடையாது. "அடிப்படைச் சம்பளமே ஆயிரம் வேண்டும்" என்று 2018இல் மலையக இளைஞர்கள் காலிமுகத்திடலில் திரண்டது இதனால்தான். 2019இல் கிடைத்தது 700.

2021 மார்ச்சில் சம்பள நிர்ணய சபை வழியாக ஆயிரம் ரூபாய் வர்த்தமானியில் வந்தது. கம்பெனிகள் நீதிமன்றம் போயின. கூட்டு ஒப்பந்தமும் அத்தோடு நின்றது. 2024இல் அறிவித்த 1,700 ரூபாயை உயர் நீதிமன்றம் இடைநிறுத்தியது. அந்த வருடம் அது 1,350 என்று முடிந்தது.

தொகை ஏறியது உண்மை. ஆனால் சபை விதிப்பது நாட்சம்பளத்தை. ஒரு முழுப் பேருக்கு, அதாவது முழுநாள் சம்பளத்துக்கு, எத்தனை கிலோ பறிக்க வேண்டும், குறைந்தால் அரைப்பேரா என்பதெல்லாம் மேசையில் பேசித் தீர்க்க வேண்டியவை. இன்று அந்த மேசை இல்லை. கிலோவைக் கூட்டினால், ஏறிய சம்பளம் கையில் சேராது. என் பார்வையில், கிடைத்த ஆயிரத்தைவிட அந்த மேசையின் இழப்பு பெரிது.

மேசைக்குத் திரும்பச் சட்டம் வழி வைத்திருக்கிறது. 1999இல் திருத்திய கைத்தொழில் பிணக்குகள் சட்டத்தின்படி, சங்கம் யாருக்காகப் பேசுகிறதோ அந்தத் தொழிலாளரில் குறைந்தது 40 வீதத்தினர் அதன் உறுப்பினராக இருந்தால், முதலாளி பேச மறுக்க முடியாது. ஆனால் ஏழு பேர் சேர்ந்தாலே சங்கம் பதியலாம் என்கிறது 1935ஆம் ஆண்டுத் தொழிற்சங்கக் கட்டளைச் சட்டம். கட்சிக்கொரு சங்கமாகத் தோட்டம் பிரிந்து கிடக்கும்போது, அந்த 40 வீதத்தைத் தனியாக எட்டுவது மிகக் கடினம். கம்பெனிக்கோ அது வசதி.

சங்கங்கள் சேர்ந்து ஒரே கோரிக்கைப் பட்டியலோடு போகலாம். அதன் முதல் வரியில் சம்பளத்தை எழுதுவதற்கு முன் கிலோவை எழுத வேண்டும். அதை எழுதும்போது மலையில் பறிக்கும் பெண்களும் உட்கார்ந்திருக்க வேண்டும்.