ஈயம் எங்கே போயிற்று?



நம் மருத்துவமனை ஊழியத்தைத் தாங்கிவரும் தங்களுக்கு இந்த இதழில் சற்று வித்தியாசமான ஒரு காரியத்தைக் குறித்து எழுதுகிறோம். பழைய ஈயத்தை வீட்டில் உருக்கிக் கட்டியாக வார்ப்பதைப் பற்றியது அது. ஆஸ்பத்திரிப் பத்திரிகைக்கும் ஈயத்துக்கும் என்ன சம்பந்தம் என்று தாங்கள் கேட்கலாம். வாசித்து முடிக்கும்போது அந்தக் கேள்வி இராது என்று நம்புகிறோம்.

கள்ளிக்குப்பத்திலிருந்து ஒரு தாய் தன் நான்கு வயது மகனைத் தூக்கிக்கொண்டு வெளிநோயாளர் பிரிவுக்கு வந்தார். பிள்ளைக்கு அடிக்கடி வயிற்றுவலி, மலச்சிக்கல். சாப்பாட்டில் நாட்டமில்லை. முகம் வெளுத்திருந்தது. பூச்சி மருந்தும் இரும்புச்சத்து டானிக்கும் கொடுத்து அனுப்பினோம். இரண்டாம் முறை வந்தபோதும் அதே மருந்துதான். மூன்றாம் முறை அவர் பெஞ்சில் காத்திருந்தபோது, வழக்கம்போல் குடும்பத்தை விசாரித்தோம். கணவர் என்ன வேலை செய்கிறார் என்று கேட்டதற்கு, "வீட்டுப் பின்னாடியே ஈயம் உருக்குறாரு ஐயா" என்றார். மருத்துவர் உடனே இரத்தத்தில் ஈயத்தின் அளவைப் பார்க்கச் சொன்னார். சந்தேகம் சரியாயிற்று. முதல் நாளே கேட்டிருக்க வேண்டிய கேள்வியை மூன்றாம் முறைதான் கேட்டோம் என்பதை வருத்தத்தோடு ஒப்புக்கொள்கிறோம்.

அந்த வாரமே அவர்கள் வீட்டுக்குப் போனோம். அம்பத்தூர் எஸ்டேட்டும் சுற்றியுள்ள பட்டறைகளும் பல குடும்பங்களுக்குச் சோறு போடுகின்றன. அவற்றின் கழிவை நம்பிப் பிழைக்கும் குடும்பங்களும் உண்டு. காயலான் கடையில் பழைய வலைக்குண்டுகள், சக்கரத்தில் பொருத்தும் எடைக்கட்டிகள், கேபிளின் ஈய உறை, உடைந்த பேட்டரியின் தகடுகள் ஆகியவற்றை வாங்கி, இரும்பு வாணலியில் உருக்கி, கட்டியாக வார்த்து விற்பது அந்தத் தகப்பனாரின் தொழில். நாங்கள் உபதேசம் செய்ய வாயெடுக்குமுன் அவரே ஒரு கேள்வி கேட்டார். "ஐயா, பத்து கிலோ போட்டா எட்டு கிலோதான் கட்டியா வருது. மீதி எங்க போகுது? படிச்சவங்களைக் கேட்டுச் சொல்லுங்க."

எரேமியா ஆறாம் அதிகாரத்தில் தீர்க்கதரிசி துருத்தியையும் நெருப்பில் அழியும் ஈயத்தையும் உவமையாகச் சொல்வது எங்களுக்கு நினைவுக்கு வந்தது. ஆக, இது மிகப் பழைய கேள்வி. விடை தேடி, உலோகத் தொழில் அறிந்த நண்பர்களை அணுகினோம்.

உருகும்போது நடப்பது

முதலில் பெயரைத் தெளிவாக்குவோம். ரசம் வைக்கும் ஈயச்சொம்பு வெள்ளீயத்தால் செய்யப்பட வேண்டியது. இங்கே நாம் பேசுவது காரீயம். இரண்டையும் பொதுவாக "ஈயம்" என்றே சொல்லிப் பழகிவிட்டோம். ஆனால் ஒன்று சமையலுக்கு ஆகும், மற்றது நஞ்சு.

காரீயம் ஏறத்தாழ 327 டிகிரி செல்சியஸில் உருகிவிடும். அதனால்தான் வீட்டு அடுப்பே அதற்குப் போதும். உருகிய ஈயத்தின் மேற்பரப்பில் காற்று பட்டவுடன் சாம்பல் நிற ஏடு படிகிறது. அது அழுக்கல்ல, ஈயம் பிராணவாயுவோடு சேர்ந்து உண்டான ஆக்சைடு. அதைக் கசடு என்று வழித்தெறிந்தால் மறுபடி புது ஏடு படியும். சூடு ஏற ஏறக் கசடும் கூடும். 500 டிகிரியைத் தாண்டினால் கண்ணுக்குத் தெரியாத ஆவியும் அதிகமாகக் கிளம்பும். தகப்பனார் ஊதுவிசிறி வைத்துச் சட்டியைச் செக்கச்செவேலெனக் காய்ச்சிக்கொண்டிருந்தார். சீக்கிரம் உருகும் என்பது அவர் எண்ணம். உண்மையில் அவருடைய ஈயம் பாதி கசடாகவும் பாதி புகையாகவும் போய்க்கொண்டிருந்தது.

இதற்குத் தொழில் அறிந்தவர்கள் சொல்லும் வழி எளியது. ஈயம் உருகி ஓடத் தொடங்கியதும் தீயைத் தணிக்க வேண்டும். அகலமான வாணலியைவிட ஆழமான, மூடியுள்ள இரும்புச் சட்டி நல்லது. காற்றுப் படும் பரப்பு குறையும், விறகும் மிச்சம். சிறிது மெழுகு போட்டு இரும்புக் கரண்டியால் கலக்கினால் கசடில் ஒரு பங்கு மீண்டும் ஈயமாகும். எடைக்கட்டிகளில் சில துத்தநாகத்தால் ஆனவை. துத்தநாகம் உருக ஏறத்தாழ 420 டிகிரி வேண்டும். ஆகவே சூடு மட்டாக இருந்தால் அவை உருகாமல் மேலே மிதக்கும், பொறுக்கி எடுத்துவிடலாம். அலுமினியச் சட்டி கூடவே கூடாது. ஈரமான துண்டு ஒன்றுகூட உருகிய ஈயத்தில் விழக்கூடாது. நீர் நொடியில் ஆவியாகி ஈயத்தை முகத்தில் தெறிக்கச் செய்யும்.

பேட்டரித் தகடு வேறு கதை

பேட்டரித் தகட்டில் சட்டம் மட்டுமே உலோகம். அதன்மேல் அப்பியிருப்பது ஈய சல்பேட்டும் ஈய ஆக்சைடும் கலந்த பசை. வீட்டு அடுப்பில் அது உருகாது. ஆலைகளில் கரியும் இரும்பும் சேர்த்து ஏறத்தாழ 1000 டிகிரி உலையில் வைத்துத்தான் அதிலிருந்து ஈயத்தைப் பிரிக்கிறார்கள். புகையைப் பிடித்து வடிகட்டவும் அங்கே கருவிகள் உண்டு. வீட்டிலோ அந்தப் பசை பொடியாக உதிர்ந்து தரையில் சேர்கிறது. உடைத்த பேட்டரியின் அமிலம் மண்ணில் இறங்குகிறது. பத்துக் கிலோ எட்டானதற்கு இதுவே பெரிய காரணம். காணாமற்போன இரண்டு கிலோ எங்கும் போய்விடவில்லை. கொல்லை மண்ணிலும், துணி காயும் கொடியிலும், தவழ்ந்து விளையாடிய பிள்ளையின் விரல்களிலும் அது இருந்தது.

பிள்ளைகளுக்கு ஏன் அதிக ஆபத்து?

வாய்வழி போகும் ஈயத்தைப் பெரியவர்களின் உடலைவிடச் சிறு பிள்ளைகளின் உடல் நான்கைந்து மடங்கு அதிகமாக உறிஞ்சுகிறது. இரும்புச்சத்தும் சுண்ணாம்புச்சத்தும் குறைந்த பிள்ளையின் உடல் இன்னும் அதிகம் ஏற்கும். உள்ளே போன ஈயம் இரத்தம் ஊறுவதைத் தடுக்கிறது; வளரும் மூளையைத் தாக்குகிறது. பின்பு எலும்பில் தங்கிப் பல ஆண்டுகள் அங்கேயே இருக்கிறது. தாய் கர்ப்பவதியானால் அவர் எலும்பிலிருந்து சிசுவுக்கும் போய்ச் சேரும். ஈயத்தில் பாதுகாப்பான அளவு என்று ஒன்றில்லை என்பதே உலக சுகாதார நிறுவனத்தின் நிலை.

இது நம் ஊருக்கு மட்டும் உரிய துயரமல்ல. செனகல் நாட்டில் டக்கார் நகரை அடுத்த தியாரோயே என்னும் இடத்தில், பேட்டரி உடைத்த மண்ணிலிருந்து மக்கள் ஈயம் சலித்தெடுத்தார்கள். அங்கே 2007 நவம்பர் முதல் 2008 மார்ச் வரையிலான சில மாதங்களில் 18 குழந்தைகள் இறந்துபோனார்கள். நம் சென்னையில் மூன்று முதல் ஏழு வயதுள்ள 756 பள்ளிப் பிள்ளைகளைச் சோதித்த ஓர் ஆய்வு 2009-ல் வெளியாயிற்று. ஒரு டெசிலிட்டர் இரத்தத்தில் சராசரியாக 11.4 மைக்ரோகிராம் ஈயம் இருந்தது. ஐந்து மைக்ரோகிராமைத் தொட்டாலே காரணத்தைக் கண்டுபிடித்து நீக்க வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 2021-ல் வழிகாட்டியிருக்கிறது. அளவு 45-ஐ எட்டினால் ஈயத்தைப் பிணைத்து வெளியேற்றும் மருந்து தருகிறார்கள். ஆனால் வீட்டில் ஈயம் இருக்கும்வரை எந்த மருந்தும் ஓட்டைக் குடத்தில் வார்த்த தண்ணீர்தான்.

என்ன செய்தோம்?

தகப்பனாரிடம் கணக்கைச் சொன்னோம். பேட்டரியை உடைக்காமல் முழுதாகவே விற்றால், அமிலமும் இல்லை, பொடியும் இல்லை, விறகுச் செலவும் இல்லை. அவர் பென்சில் எடுத்துக் கணக்குப் போட்டார். சிறிது நேரம் பேசாமல் இருந்து, "இத்தனை நாளா என் பிள்ளைக்கு நானே ஊட்டியிருக்கேன் ஐயா" என்றார். எங்களுக்கு ஆறுதல் வார்த்தை உடனே வரவில்லை. தெரியாமல் செய்தது குற்றமல்ல என்று மட்டும் சொன்னோம்.

தகடு உருக்குவதை அவர் நிறுத்திவிட்டார். குண்டும் எடைக்கட்டியும் உருக்கும் வேலையை வீடுகளுக்கு அப்பால், ஆட்கள் புழங்காத திறந்தவெளிக்கு மாற்றினார். வேலைத் துணியைத் தனியாகத் துவைக்கிறார். குளித்தபின்தான் பிள்ளையைத் தூக்குகிறார். முகத்தில் கட்டும் துணி ஈயப் புகையைத் தடுக்காது என்பதையும் சொல்லியிருக்கிறோம். கொல்லையின் மேல்மண்ணை அகற்றிப் புது மண் கொட்டினார்கள். தரையைத் துடைப்பத்தால் பெருக்காமல் ஈரத்துணியால் துடைக்கிறார்கள். சில மாதங்களில் பிள்ளையின் இரத்தத்தில் ஈயம் இறங்கத் தொடங்கியது. எலும்பில் சேர்ந்தது வெளியேற ஆண்டுகள் ஆகும். மூளைக்கு நேர்ந்த இழப்பு எவ்வளவு என்று அவன் பள்ளிக்குப் போகும்போதுதான் தெரியும். முழு சுகம் என்று தங்களுக்கு எழுத எங்களுக்கும் ஆசைதான். ஆனால் உள்ளதையே எழுதுகிறோம்.

இப்போது வெளிநோயாளர் சீட்டில் பெற்றோரின் தொழில் என்ன, அது வீட்டில் நடக்கிறதா என்று ஒரு வரி சேர்த்திருக்கிறோம்.

தங்களிடம் ஒரு வேண்டுகோள். தங்கள் வீட்டு இன்வர்ட்டர் பேட்டரியோ கார் பேட்டரியோ ஒரு நாள் செயலிழக்கும். அதன் எடையில் பாதிக்குமேல் ஈயமே. தெருவில் வருபவர் நூறு ரூபாய் அதிகம் தருகிறார் என்று அவரிடம் போட்டுவிடாதீர்கள். பழைய பேட்டரி பதிவுபெற்ற மறுசுழற்சி ஆலைக்கே போக வேண்டும் என்பது 2001 முதல் நம் நாட்டின் சட்டம். 2022-ல் வந்த புதிய விதிகளும் அதையே சொல்கின்றன. புதிய பேட்டரி வாங்கும் கடையிலேயே பழையதைக் கொடுத்து, பில்லில் விலையைக் கழிக்கச் சொல்லுங்கள். நாம் வாசலில் விற்ற பேட்டரி எந்தக் கொல்லையில் உடைபடுகிறது என்று நாம் பார்ப்பதில்லை. கள்ளிக்குப்பத்தில் அந்தக் கொல்லையை நாங்கள் பார்த்தோம். ஆகையால்தான் எழுதினோம்.